மூன்றாவது கதிரை

கிளாருஸ் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
நவம்பரில் வெயில் மலையைத் தாண்டி
இந்த ஊருக்குள் இறங்கப் பகல் பாதி போய்விடும்.
அதற்காகத்தான் காத்திருந்தாரோ டாக்டர் ஏப்லி,
விளக்கை அணைத்து, ஜன்னலோரம் வரச் சொல்லி
குலவீரசிங்கத்தாரின் கீழிமையை
விரலால் இழுத்துப் பார்த்தார்.

நான் மூன்றாவது கதிரை.
கால் மணிக்கு இவ்வளவு என்று கூலி.
கருத்துச் சொல்லக் கூடாது.
அறையில் விழும் ஒரு சொல்லையும்
தரையில் விடக் கூடாது.

முதல் சொல்லே சறுக்கியது.
நான் மஞ்சள் காமாலை என்றேன்.
"செங்கமாரியோ?" என்றா அவர் மனைவி.
என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று டாக்டர் கேட்க,
நிறத்தில் தகராறு என்றேன்.

சிவப்பணுவுக்கு நாலு மாதம் ஆயுள்.
பிறகு உடையும்.
உடைந்த சிவப்பில் மிஞ்சுவதுதான் இந்த மஞ்சள்.
எல்லோருக்கும் உண்டு,
உங்களுக்கு, எனக்கு, இவருக்கு.
(இவர் என்றது என்னை. அதையும் சொன்னேன்.)
ஈரல் அதை வாங்கி, நீரில் கரைய வைத்து,
பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும்.
இருபத்தொன்றுக்குள் நிற்கவேண்டிய பிலிருபின்
உங்களுக்கு நூற்று அறுபத்துநாலு.
எங்கே பிசகியது?
ஈரலுக்கு முன்னாலா, இரத்தம் மிஞ்சி உடைகிறதா;
ஈரலுக்குள்ளேயா, கிருமியா குடியா மருந்தா;
இல்லை, ஈரலைத் தாண்டிய பிறகா.

அடுத்த கேள்வியை
இரண்டு தரம் விழுங்கினேன்.
போன தேருக்கு எனக்கு மோர் ஊற்றித் தந்த மனுசன்.
"ஐயா, வெளிக்குப் போறது என்ன நிறம்?"
சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"சீமெந்து."
"சலம்?"
"பால் விடாத தேத்தண்ணி."
டாக்டரின் பேனா அப்போதுதான் ஓடத் தொடங்கியது.

பிறகு என் பக்கம் சாய்ந்தார்.
"பிள்ளை, இதைச் சொல்ல வேண்டாம்.
மூண்டு கிழமையா ஒரு குளிசை போடுறன்,
கனடாவில இருந்து மச்சான் அனுப்பினது.
மூலிகைதான்."
சொன்னேன்.
ஒரு சொல்லையும் தரையில் விடவில்லை,
அந்தத் 'தான்' ஒன்றைத் தவிர.
அதற்கு ஜெர்மனில் இடமில்லை.
அவர் கையை முழங்கை வரை சொறிந்துகொண்டே இருந்தார்,
என்னைப் பார்க்காமல்.

டாக்டர் 'ஷ்டவ்' என்றார்.
சுரங்க வாயிலில் கார்கள் நின்றாலும் ஷ்டவ்,
பித்தம் நின்றாலும் ஷ்டவ்.
தேக்கம் என்றேன். புரியவில்லை.
வழி மறிபட்டு என்றேன்.
டாக்டர் தாளில் ஒரு மரத்தைத் தலைகீழாக வரைந்து
அடித்தண்டில் ஒரு புள்ளி வைத்தார்.
அவர் குனிந்து பார்த்தார்.
"அடைப்பு எண்டு சொல்லும், பிள்ளை."
இருபத்தாறு வருசம் ஹோட்டல் குசினியில்
கோப்பை கழுவியவர்.
"கீழ அடைச்சால் தொட்டி நிரம்பும்.
நிரம்பினால் வழியும்.
வழிஞ்சது இப்ப என்ர கண்ணில நிக்குது."
அதை அப்படியே கொடுத்தேன்.
டாக்டர் மரத்துக்குப் பக்கத்தில்
ஒரு தொட்டி வரைந்தார்.

"அடைச்சது என்னவாம்?"
கல்லாக இருக்கலாம், என்றார் டாக்டர்.
நிறுத்தினார்.
வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.
நானும் கல்லென்று சொல்லி நிறுத்தினேன்,
அவர் நிறுத்திய அளவு,
கூட்டாமல் குறைக்காமல்.

மனைவிதான் அதை உடைத்தா.
"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாமே.
உங்களுக்கும் அப்பிடியே?"
"இல்லையப்பா. சுவர் வெள்ளையாத்தான் கிடக்கு.
நீங்கள் எல்லாரும்தான்
என்னை மஞ்சளாப் பாக்கிறியள்."
அந்தத் 'தான்' இரண்டையும்
யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஐந்து கால் மணி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
ஸ்கேன் அறைக்கு ஒருவர் மட்டும்தான் போகலாம்.
சில்லுக்கதிரை திரும்பும்போது கேட்டார்:
"அந்தக் குளிசையின்ர பேரைச் சரியாச் சொன்னனீரோ?"
எழுத்துக்கூட்டிச் சொன்னேன் என்றேன்.
சரி என்பதுபோல் தலையசைத்தார்.
கதவு சாத்திக்கொண்டது.